கட்சிக்கு வரி இல்ல, சரி. கணக்கும் இல்லயா?

கேள்வி: 10 ஆகஸ்ட் 2025

நேத்து தேர்தல் கமிஷன் 334 கட்சிய பட்டியல்லேருந்து தூக்கிட்டாங்கன்னு நியூஸ்ல பாத்தேன். எங்கப்பா சொல்றாரு, கட்சின்னு ஒண்ண பதிவு பண்ணிட்டா போதும், வருமான வரி கிடையாது, எவன்கிட்டயும் கணக்கு காட்ட வேண்டியதில்ல, அதனாலதான் இத்தன லெட்டர்பேடு கட்சின்னு. உண்மையா? கணக்கு ஒழுங்கா காட்டலன்னுதான் தூக்கினாங்களா?

10 ஆகஸ்ட், ராத்திரி

அப்பா சொன்னதுல பாதி சரி தம்பி. வரி இல்லங்கறது சரி, கணக்கு காட்ட வேணாங்கறது தப்பு. வருமான வரிச் சட்டத்துல 13ஏன்னு ஒரு பிரிவு, 1979 ஏப்ரல்லேருந்து இருக்கு. கட்சிக் கட்டடத்த வாடகைக்கு விட்டு வர்ற பணம், பேங்க் வட்டி, சொத்து வித்த லாபம், நன்கொடை, இது எதுக்கும் வரி கிடையாது. வியாபாரம் பண்ணி சம்பாதிச்சா அதுக்கு உண்டு.

ஆனா சும்மா விடல. கணக்குப் புத்தகம் வெக்கணும், ஆடிட் பண்ணணும், 20,000 ரூபாய்க்கு மேல வந்த நன்கொடைக்கு குடுத்தவங்க பேரு அட்ரஸ் எழுதி வெக்கணும், 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கை நீட்டக் கூடாது, ரிட்டர்ன கெடுவுக்குள்ள போடணும், அந்த 20,000த்துக்கு மேல குடுத்தவங்க லிஸ்ட்ட படிவம் 24ஏல நிரப்பி கமிஷனுக்கும் அனுப்பணும். இதுல எது விட்டுப் போனாலும் அந்த வருஷத்து விலக்கு போச்சு.

எல்லாரும் இத சலுகை சலுகைன்னு பேசறாங்க, எனக்கு இது ஒரு குடுக்கல் வாங்கல்னுதான் படுது. நீயும் நானும் சம்பளத்துல வரி கட்றோம், கட்சிய கட்ட வேணாம்னு விட்டோம், பதிலுக்கு யார் பணத்துல கட்சி ஓடுதுன்னு அவங்க நமக்கு சொல்லணும். அவங்க பக்கம் குடுக்க வேண்டியது அந்தக் கணக்கு ஒண்ணுதான்.

334 கட்சிய தூக்கினது கணக்குக்காக இல்ல. ஆறு வருஷமா ஒரு எலக்‌ஷன்ல கூட நிக்கல, ஆபீஸ் இருக்கற எடமும் தெரியல, அதான் காரணம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.

11 ஆகஸ்ட்

தூங்கப் போனேன், தூக்கம் வரல, பழைய ஞாபகம் ஒண்ணு வந்து உக்காந்துருச்சு. 2009லேருந்து 2019 வரைக்கும் ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அசிஸ்டென்டா இருந்தேன். ஒரு சின்ன கட்சிக் கணக்கும் எங்ககிட்டதான் வரும், பேரு வேணாம், நீங்க கேள்விப்பட்டிருக்கவும் மாட்டீங்க. வருஷா வருஷம் செப்டம்பர்ல ஒரு மஞ்சப்பைல ரசீது புக்கு கட்டு வந்து எறங்கும். நான் ஒவ்வொரு அடிக்கட்டையா பாத்து கூட்டிப் போடணும்.

முதல் ஏழெட்டு வருஷம் பெரிய ரசீதுன்னா எல்லாம் 19,000, 19,500ன்னே இருக்கும். 20,000 தாண்டின ரசீது ஒண்ணு கூட நான் பாத்ததில்ல. அப்பறம் 2017 பட்ஜெட்ல ரொக்க வரம்ப 2,000மா கொறச்சாங்கல்ல, அதுக்கடுத்து வந்த பையி தூக்க முடியாத கனம். பிரிச்சா எல்லா ரசீதும் 1,900, 1,950, 2,000. அதே ஊதா பேனா, அதே சாஞ்ச எழுத்து, "மு"வ எழுதறப்ப வால நீளமா இழுக்கற அதே கை. புக்கு நடுவுல ரெண்டு எடத்துல கார்பன் தாள் மாத்த மறந்துட்டு எழுதிருக்காங்க, அடிக்கட்டை வெறும் வெள்ளையா இருக்கு. ஒரே ராத்திரி உக்காந்து எழுதினதுன்னு பாக்கறவனுக்கு தெரியும்.

நான் ஆடிட்டர் சார்கிட்ட கொண்டு போய் காட்டினேன். பாத்தாரு. "கூட்டல் சரியா இருக்காப்பா?"ன்னு கேட்டாரு. சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல அவரும் பேசல, நானும் பேசல. இன்னிக்கு வரைக்கும் அந்த ஊதா மை கண்ணுல நிக்குது, அன்னிக்கு நான் இன்னும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.

13 ஆகஸ்ட்

ஒரு திருத்தம். 20,000த்த பத்தி நான் எழுதினது அரைகுறை. கீழ ஒருத்தர் கேட்டாரு, "ஒரே ஆளு 15,000மா நாலு தடவ குடுத்தா பேரு வராதா?"ன்னு. சட்டத்த எடுத்து மறுபடி படிச்சேன்.

வருமான வரிச் சட்டம் 13ஏல "ஒவ்வொரு நன்கொடையும்" 20,000த்துக்கு மேல இருந்தான்னு இருக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29சி பிரிவுல, அது 2003ல சேத்தது, "ஒரு நபர்கிட்டேருந்து அந்த நிதியாண்டுல" வாங்கினது 20,000த்துக்கு மேல போனான்னு இருக்கு. அதாவது கமிஷனுக்கு அனுப்பற லிஸ்ட்டுல அந்த நாலு தடவையும் கூட்டி 60,000ன்னு பேரோட வந்தாகணும். பத்து வருஷம் அந்த வேலைல இருந்தும் இந்த வித்தியாசத்த நான் கவனிச்சதில்ல.

கவனிச்சிருந்தாலும் எப்பிடிக் கூட்டறது? கூட்டணும்னா ஒரே ஆளுன்னு தெரியணும், தெரியணும்னா சின்ன ரசீதுலயும் சரியான பேரு இருக்கணும். 2014 ஆகஸ்ட்ல கமிஷன் ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, பொதுக்கூட்டத்துல துண்டேந்தி வாங்கற சில்லறை தவிர மத்த எல்லா நன்கொடைக்கும் பேரு அட்ரஸ் வெக்கணும்னு. வெச்சுக்கணும், அவ்ளோதான், வெளியிடணும்னு இல்ல. நாம பாக்க வழியில்ல.

13 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழிச்சு

இந்த ஓட்டை எவ்ளோ பெருசுன்னு கேட்டவங்களுக்கு: கட்சிங்க பணத்த அலசற ஏடிஆர் அமைப்பு 2004-05லேருந்து 2014-15 வரைக்கும் தேசிய, மாநிலக் கட்சிங்க காட்டின வருமானத்த கூட்டினாங்க. 11,367 கோடி. அதுல 69 சதவீதம் யார் குடுத்ததுன்னே தெரியாத பணம். பகுஜன் சமாஜ் கட்சி வருஷா வருஷம் 20,000த்துக்கு மேல குடுத்தவங்க ஒருத்தர் கூட இல்லன்னே எழுதிக் குடுத்துட்டு வந்தாங்க.

17 ஆகஸ்ட்

"நாங்க பாக்க முடியுமா"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. கமிஷனுக்கு அனுப்பற அந்த 24ஏ லிஸ்ட்ட பாக்க முடியும், பாருங்க, தயவுசெஞ்சு பாருங்க. தேசியக் கட்சிங்களோடது கமிஷன் வெப்சைட்லயே இருக்கு. வெறும் பதிவோட நிக்கற சின்ன கட்சிங்களோடத மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி வெப்சைட்ல தேடணும்.

தெறந்தா முக்காவாசி ஸ்கேன் பண்ண பிடிஎஃப். கோணலா வெச்சு எடுத்திருப்பாங்க, ஓரத்துல ஸ்டேப்ளர் பின்னோட நெழல் விழுந்திருக்கும், ரப்பர் ஸ்டாம்ப் சரியா தொகை மேலயே குத்தியிருக்கும். வரிசை நம்பர், பேரு முழு அட்ரஸோட, பேன் நம்பர், தொகை, எப்பிடி குடுத்தாங்க, செக்குன்னா எந்த பேங்க் எந்த கிளை, கடைசியா குறிப்பு. தேடற வசதி கிடையாது, ஒரு பேரத் தேடணும்னா பக்கம் பக்கமா கண்ணாலதான் ஓடணும். போன ஞாயித்துக்கெழம ஒரு கட்சியோட அறிக்கைய எடுத்து எக்ஸெல்ல அடிச்சேன், 40 பக்கத்துக்கு அஞ்சு மணி நேரம். அட்ரஸ் காலத்துல வெறும் ஊர் பேரு மட்டும் இருந்த வரி 31. பேன் காலம் காலியா இருந்தது அதுக்கும் மேல.

இத ஏன் எக்ஸெல்லாவே குடுக்க சொல்லக் கூடாது? அம்பது லட்சம் விக்கற மளிகைக் கடைக்காரரு ஜிஎஸ்டி கணக்க ஆன்லைன்ல அடிக்கறாரு, ஒரு எழுத்து தப்பானா சிஸ்டம் ஏத்துக்கறதில்ல. கோடிக்கணக்குல வாங்கற கட்சி மங்கலான ஸ்கேன் குடுத்தா போதும்னா நியாயமே இல்ல.

24 ஆகஸ்ட்

இன்னிக்கு எங்க மச்சான் வந்திருந்தாரு. இத பத்தி பேச்சு வந்ததும் மனுஷன் மொகம் தொங்கிப் போச்சு. அவரு அனுமதியோடதான் எழுதறேன்.

80ஜிஜிசின்னு ஒரு பிரிவு, கட்சிக்கு நீங்க குடுக்கற பணம் முழுசுக்கும் உங்களுக்கு வரிக் கழிவு, ரொக்கமா மட்டும் குடுக்கக் கூடாது. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவரு கம்பெனில ஒரு ஏஜென்ட் வந்து, "ஒரு லட்சம் இந்த கட்சி அக்கவுண்ட்டுக்கு போடுங்க சார், நாலு நாள்ல 95,000 கைல வந்துரும், ரசீது பக்காவா குடுப்பாங்க"ன்னு சொல்லிருக்கான். கட்சி பேர கூட மச்சான் சரியா படிக்கல. போட்டாரு. டீக்கடைல வெச்சு பழைய பேப்பர்ல சுத்தி 95,000 குடுத்தாங்க. 30 சதவீத வரில இருந்தவரு, 30,000 மிச்சம், கமிஷன் 5,000 போக லாபம்னு நெனச்சாரு. போன வருஷம் நோட்டீஸ் வந்துச்சு. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேத்து கட்டி முடிச்சாரு. அக்காவுக்கு அப்பதான் விஷயமே தெரியும், ஒரு மாசம் பேசல.

இது ஒரு ஆளு கதை இல்ல. இந்த மாதிரி சின்ன கட்சிங்கள வெச்சு நடக்கற கமிஷன் ஏவாரத்துக்காக வரித்துறை 2022 செப்டம்பர்ல ரெய்டு போனாங்க, இந்த வருஷம் ஜூலை 14ஆம் தேதி பொய்க் கழிவு போட்டுக் குடுக்கற ஆளுங்கள தேடி 150 எடத்துல போனாங்க.

இப்ப முதல்ல தம்பி கேட்ட கேள்விக்கு திரும்பி வர்றேன். எலக்‌ஷன்லயே நிக்காத கட்சி எதுக்கு கட்சியா இருக்கணும்? இதுக்குத்தான். கட்சி வாங்கறதுக்கும் வரி இல்ல, குடுக்கறவனுக்கும் வரிக் கழிவு. ரெண்டு பக்கமும் தெறந்த குழாய். உங்கப்பா கணக்க பத்தி சொன்னது தப்பா இருந்தாலும் லெட்டர்பேடு கட்சிய பத்தி அவரு மோப்பம் சரியாத்தான் இருந்திருக்கு, சொல்லிடு.

2 செப்டம்பர்

தேர்தல் பத்திரத்த பத்தி ஏன் எழுதலன்னு திட்டறீங்க. எழுதறேன்.

2017 பட்ஜெட்ல ஒரு கைல ரொக்க வரம்ப 2,000மா கொறச்சாங்க, இன்னொரு கைல பத்திரத்த கொண்டு வந்தாங்க, பேங்க்ல பணம் கட்டி வாங்கி, பேரு வெளிய தெரியாம கட்சிக்கு குடுக்கற சீட்டு. 2018 ஜனவரில அறிவிப்பு. ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம், கோடி, அஞ்சு வகை, ஸ்டேட் பேங்க்ல மட்டும் கிடைக்கும், 15 நாளுக்குள்ள கட்சி அத பணமா மாத்திக்கணும். பத்திரமா வந்தா 20,000 கணக்குல சேராது, 24ஏல வராது. 19,500ன்னு ரசீது எழுதற கஷ்டமே இல்ல, ஒரு கோடி கூட பேரில்லாம வாங்கலாம். மொத்தம் 16,518 கோடிக்கு வித்துச்சு.

2024 பிப்ரவரி 15, சுப்ரீம் கோர்ட்டுல அஞ்சு நீதிபதிங்க ஒருமனதா அடிச்சுப் போட்டாங்க. ஸ்டேட் பேங்க் விவரம் குடுக்க ஜூன் 30 வரைக்கும் டைம் கேட்டுச்சு. மார்ச் 11 கோர்ட்டு முடியாதுன்னுச்சு, மறுநாளே குடுத்துட்டாங்க. மார்ச் 21 பத்திர நம்பரும் வந்துச்சு, யாரு வாங்கினது யாருக்கு போச்சுன்னு நூல் புடிச்ச மாதிரி கோக்க முடிஞ்சது. வெறுங்கண்ணுக்கு தெரியாம, அல்ட்ரா வயலட் வெளிச்சத்துல மட்டும் தெரியற நம்பர் அது.

நம்ம ஊரு சேதி: பத்திரம் அதிகமா வாங்கினது மார்ட்டினோட ஃபியூச்சர் கேமிங், கோயம்புத்தூர் லாட்டரி கம்பெனி, 1,368 கோடி. திமுகவுக்கு பத்திரத்துல வந்தது 656 கோடி சொச்சம், அதுல 509 கோடி ஃபியூச்சர் குடுத்தது. இத நம்பர் கோத்துப் பாக்கறதுக்கு முன்னாடியே திமுக கமிஷனுக்கு குடுத்த விவரத்துல பேரோட எழுதியிருந்தாங்க, அதிமுகவும் தனக்கு வந்த 6.05 கோடிக்கு பேரு குடுத்தாங்க, சென்னை சூப்பர் கிங்ஸ் 5 கோடி. பணம் யாருதுங்கறது வேற சண்டை, அத தனியா வெச்சுப்போம். கேட்டா தெரிஞ்சுக்கலாம், எழுதலாம்னு ரெண்டு கட்சியும் காட்டிட்டாங்க. ஆனா எல்லாத்தையும் விட அதிகமா, 2019 ஏப்ரல்லேருந்து மட்டுமே 6,060 கோடி வாங்கின பாஜக பேரு குடுக்கல, சட்டம் கேக்கலன்னு சொன்னாங்க. ஐக்கிய ஜனதா தளம் என்ன எழுதினாங்க தெரியுமா? 2019 ஏப்ரல் 3ஆம் தேதி பாட்னா ஆபீஸ்ல யாரோ வந்து ஒட்டின கவர் ஒண்ண குடுத்துட்டுப் போனாங்க, பிரிச்சா உள்ள ஒரு கோடி பத்திரம் பத்து இருந்துச்சுன்னு. பத்து கோடி ரூபா. எங்க ஆபீஸ்ல 500 ரூபா கூரியர் வந்தா கூட ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்குவோம்.

பத்திரம் வேணாம்னு முதல்லேருந்தே தள்ளி நின்னு கோர்ட்டுக்கும் போனது மார்க்சிஸ்ட் கட்சி. இதையும் சொல்லணும்.

9 செப்டம்பர்

"விதிய மீறினா விலக்கு போகும்ங்கறீங்களே, யாருக்காவது போயிருக்கா?" நல்ல கேள்வி, ரொம்ப நாள் பேப்பர்லதான் இருந்துச்சு. பல கட்சி வருஷக்கணக்கா ரிட்டர்னே போடாம இருந்தது, காமன் காஸ் அமைப்பு போட்ட வழக்குல 1996ல சுப்ரீம் கோர்ட்டு கண்டிச்சது.

போன வருஷம் நெஜமாவே கடிச்சது. காங்கிரஸ் கட்சி 2017-18 வருமானத்துக்கான ரிட்டர்ன 2018 டிசம்பர் 31க்குள்ள போட்டிருக்கணும், 2019 பிப்ரவரி 2ல போட்டாங்க. 2,000த்துக்கு மேல ரொக்கமா வாங்கின நன்கொடை 14.49 லட்சமும் இருந்துச்சு. வரித்துறை விலக்கையே எடுத்துட்டு, 199 கோடி வருமானம் முழுசுக்கும் வரி போட்டுருச்சு. இந்த ஜூலைல வருமான வரித் தீர்ப்பாயமும் சரின்னு சொல்லிருச்சு.

படிச்சப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி. கெடு எல்லாருக்கும் கெடுதான். எங்க ஆபீஸ்ல கெடுவுக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து ரிட்டர்ன் ஏத்தியிருக்கோம், ஒரு நாள் தள்ளினா தறி வெச்சிருக்கறவர் கூட அபராதம் கட்டணும்.

11 செப்டம்பர்

முந்தாநேத்து எழுதினத அப்பிடியே விட மனசில்ல. ரெண்டு நாளா யோசிக்கறேன்.

நியூஜெர்சிலேருந்து ஒரு அக்கா அங்கத்த நடைமுறைய எழுதியிருந்தாங்க, அதான் யோசிக்க வெச்சது. அமெரிக்காவுல இந்த மாதிரி அரசியல் அமைப்புக்கு 527ன்னு பேரு, வரிச் சட்டத்துல அந்தப் பிரிவு நம்பர். 2000த்துல சட்டம் மாத்தினாங்க, ஒரு ஆளு வருஷத்துல மொத்தமா 200 டாலர் குடுத்தாலே பேரு, அட்ரஸ், வேலை பாக்கற எடம் உட்பட வரித்துறைக்கு குடுக்கணும், படிவம் 8872. அத பொதுமக்களும் பாக்கலாம். காட்டாம மறைச்சா மறைச்ச தொகைக்கு மட்டும் கம்பெனிகளுக்கான உச்ச விகிதத்துல வரி. மறைச்சது எவ்ளோவோ அவ்ளோ தண்டனை. (அங்கயும் 501சி4ன்னு வேற வகை அமைப்பு இருக்கு, அதுல குடுத்தவங்க பேரு வெளிய வராது, பெரிய பணமெல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு அக்கா வருத்தப்பட்டாங்க.)

நம்ம ஊர்ல 14.49 லட்சம் தப்புக்கும் 199 கோடி மொத்தத்துக்கும் அடி. கேக்க கறாரா இருக்கு. ஆனா அடி இவ்ளோ பெருசா இருந்தா ஓங்கற கைக்கு பலம் ஜாஸ்தி. காங்கிரஸ் அக்கவுண்ட்ட முடக்கினது 2024 பிப்ரவரில, பார்லிமென்ட் எலக்‌ஷனுக்கு சில வாரம் முன்னாடி. தப்பு நடந்தது 2019ல. கெடு தாண்டினது தாண்டினதுதான், அதுல நான் மாறல. ஆனா ஒரு கட்சிக்கு மட்டும் விழுந்து இன்னொண்ணுக்கு விழாம இருக்கற அடி கணக்க சுத்தமாக்காது, பயத்ததான் வளக்கும். தப்புக்கேத்த அளவு, எல்லாருக்கும், அந்தந்த வருஷமே. இதான் இப்ப என் நெனப்பு.

20 செப்டம்பர்

முந்தாநேத்து இன்னும் 474 கட்சிய தூக்கிட்டாங்க. ஆகஸ்ட்ல 334, ஆக 808. இதுவும் எலக்‌ஷன்ல நிக்காததுக்குத்தான். அதோட 359 கட்சி மேல தனியா நடவடிக்கை ஆரம்பிச்சிருக்காங்க, அவங்க எலக்‌ஷன்ல நின்னாங்க, ஆனா மூணு வருஷமா ஆடிட் பண்ண கணக்கு குடுக்கல. தம்பி, நீ முதல் நாள் கேட்டியே கணக்கு காட்டாததுக்கா தூக்கினாங்கன்னு, அந்த கேள்விக்கு பொருத்தமானது இந்த 359தான். அவங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்.

தூக்கினவங்கள பத்தி ஒரு கவல. இவங்க முன்னாடி குடுத்த அறிக்கையெல்லாம் வெப்சைட்லேருந்து எடுத்துரக் கூடாது. கட்சி போனாலும் அது வாங்கின பணத்துக்கு சாட்சி அந்தக் காகிதந்தான். நான் எனக்கு கிடைச்சத டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டிருக்கேன், நீங்களும் உங்க மாவட்டத்து அட்ரஸ்ல இருந்த கட்சிங்களோடத எடுத்து வைங்க.

4 அக்டோபர்

இன்னிக்கு காலைல வாசல்ல ரெண்டு பசங்க, மாநாட்டு நிதிக்கு வந்திருந்தாங்க, எந்த கட்சின்னு எழுதல. 500 ரூபா குடுத்தேன். ஒருத்தன் ரசீது புக்க எடுத்து தொகைய மட்டும் போட்டு டக்குன்னு கிழிக்கப் போனான். "இருப்பா, பேரு அட்ரஸ் எழுது"ன்னேன். "500க்கெல்லாம் எழுத மாட்டோம் அங்கிள்"னான். நான் உள்ள கூப்ட்டு உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, அந்த 19,500 கதையும் ஊதா மை கதையும் சொன்னேன். பெரியவன் ஃபோன பாத்துட்டே இருந்தான். சின்னவன், பத்தொம்போது வயசு இருக்கும், கேட்டுட்டே இருந்தவன் புக்க முன்னாடி பொரட்ட ஆரம்பிச்சான். அன்னிக்கு காலைலேருந்து கிழிச்ச பதினாலு அடிக்கட்டையும் பேரில்லாம இருந்துச்சு.

"இந்த தெருவுல நாலு வீடு எனக்கு ஞாபகம் இருக்கு அங்கிள், திரும்பப் போய் எழுதிட்டு வரவா?"ன்னான். என்னோடதுல கதவு நம்பரோட எழுதிக் குடுத்துட்டு, பெரியவன் கூப்ட கூப்ட, எதுத்த வீட்டு கேட்ட தட்டப் போயிட்டான்.

அடிக்கட்டைல கார்பன் நல்லா பதிஞ்சிருந்துச்சு, நான் பாத்தேன்.